மன்னார் வளைகுடா 2019: மூச்சுத் திணறிச் செத்த பவளங்கள், விடியற்காலை ஆக்சிஜனை யார் அளக்கிறார்கள்?

#1 நெய்தல்மகள்

பவளப்பாறை பற்றி எங்கே பேச்சு வந்தாலும் வெளிறலில் (கடல் சூடேறும்போது பவளம் தனக்குள் வாழும் பாசியை இழந்து வெளுத்துப்போவது) ஆரம்பித்து வெளிறலில்தான் முடிகிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. 2016இல் மட்டும் மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு இறங்கியது. 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் நோவா அமைப்பு, உலகம் முழுக்க நான்காவது பெரும் வெளிறல் நடப்பதாக அறிவித்தது. வெப்பம்தான் முதல் எதிரி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் 2019 செப்டம்பர், அக்டோபரில் இங்கே நடந்ததைப் பற்றி யாருமே பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். கடல் பச்சையாகத் திரண்டது. காரணம் நாக்டிலூகா சிண்டிலன்ஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் நீருக்குள் இறங்கிப் பார்த்து, 2020இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் எழுதினார்கள். பாதிக்கப்பட்ட பாறைகளில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போயிருந்தது. வேகமாக வளரும் அக்ரோபோரா, மாண்டிபோரா, போசிலோபோரா மூன்றுக்கும் பலத்த அடி, இறப்பு 71 சதவீதம் வரை.

காலத்தைக் கவனியுங்கள். இங்கே வெளிறல் வருவது ஏப்ரல் முதல் ஜூன் வரை. இது நடந்தது கச்சான் என்ற தென்மேற்குக் காற்று ஓயும் நேரம். வெயில் கொன்றது என்று சொல்ல வழியில்லை.

கடல் வெப்பத்தைச் செயற்கைக்கோள் தினமும் பார்க்கிறது, எச்சரிக்கை வரைபடம் வீட்டில் இருந்தே பார்க்கலாம். ஆக்சிஜனை அப்படிப் பார்க்க முடியாது, யாராவது தண்ணீருக்குள் கருவியை இறக்கியாக வேண்டும். பாறை மேல் ஆக்சிஜன் மிகவும் குறைவது விடிவதற்குச் சற்று முன்னால். ஆய்வுப் படகு கிளம்புவதே காலை எட்டு, ஒன்பது மணிக்கு. போய்ச் சேருவதற்குள் வெயில் ஏறி, பாசிகளும் பவளத்துக்குள் குடியிருக்கும் பாசியும் ஆக்சிஜனை விடத் தொடங்கிவிடும். அப்புறம் நாம் அளக்கும் எண் நல்ல எண்ணாகத்தான் இருக்கும்.

நான் கடல் உயிரியல் முதுகலை படிக்கிறேன். இதைப் பற்றி ஆய்வுத் திட்டம் எழுத ஆசை. அந்த நாட்களில் நேரில் பார்த்தவர்கள், வேதியியல் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.


#2 ஈசிஆர்_ரைடர்

2019 ஆகஸ்டில் ஒருநாள் ராத்திரி திருவான்மியூர் கடற்கரையில் அலை நீலமாக மின்னியது ஞாபகம் இருக்கிறதா? ஊரே செல்போனோடு இறங்கி நின்றது. நானும் இருந்தேன், காலை நனைத்தால் கால் விரலைச் சுற்றி வெளிச்சம். அதுவும் நாக்டிலூகா என்றுதான் அப்போது செய்தியில் வந்தது. அதே உயிரிதான் பவளத்தையும் கொன்றதா? அவ்வளவு அழகாக இருந்தது அது.


#3 நெய்தல்மகள்

அதே இனம்தான். ஆனால் சென்னையில் பார்த்த திரள்தான் பாம்பன் வரை வந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அதற்கு ஆதாரம் கிடையாது. ஒரே காலகட்டத்தில் இரண்டு இடத்திலும் பெருகியது என்று மட்டும் சொல்லலாம்.

நாக்டிலூகா வெறும் கண்ணுக்கே தெரியும். ஒரு செல் கால் மில்லிமீட்டரில் இருந்து ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் வரை வரும். கண்ணாடிக் குவளையில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தால், வேகவைத்த ஜவ்வரிசியைப் பொடிப்பொடியாக்கி மிதக்கவிட்டது போல இருக்கும். ஒரு பக்கம் சின்ன வால் ஒன்று மெதுவாக ஆடும். தண்ணீர் குலுங்கினால் மின்னும், அசையாமல் கிடந்தால் மின்னாது.

இதில் இரண்டு வகை. குளிர்ந்த கடல்களில் இருப்பது சிவப்பு, தன் இரையைத் தின்று மட்டுமே வாழும். நம் பக்கம் இருப்பது பச்சை. அதன் செல்லுக்குள் ஆயிரக்கணக்கான நுண்பச்சை உயிரிகள் நீந்திக்கொண்டே குடியிருக்கும். அவை ஒளிச்சேர்க்கை செய்து வீட்டுக்காரருக்கும் சோறு போடும். அதாவது பச்சை நாக்டிலூகா தின்னவும் செய்யும், வெயிலிலும் பிழைக்கும். டயாட்டம் என்ற நுண்பாசிகளை நிறையத் தின்னும்.

இன்னொன்று, அது மிதப்பதற்காகச் செல்லுக்குள் அமோனியத்தைச் சேர்த்து வைக்கிறது. திரள் சாகும்போது அது தண்ணீரில் கொட்டும். மீன் சாவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று சொல்லப்படுகிறது. தனியாக நஞ்சு எதையும் சுரப்பதாகக் கண்டறியப்படவில்லை.


#4 கச்சான்காற்று

நான் பாம்பன். அப்பா, சித்தப்பா எல்லாருமே நாட்டுப்படகு. படிப்பு முடித்துவிட்டு நானும் அதில்தான் இருக்கிறேன்.

தங்கச்சி கேட்டதற்காக எழுதுகிறேன். நாங்கள் இதைப் பூங்கோரை என்போம். கொஞ்சமாக வருவதை எல்லா வருசமும் பார்த்திருக்கிறோம், அதனால் முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கச்சான் விழுந்து காற்று செத்துப்போன நாட்கள் அவை, நீவாடும் (நீரோட்டம்) இல்லை. தண்ணீர் எண்ணெய் விட்டதுபோல் தடித்துக் கிடந்தது. துடுப்பை எடுத்தால் வழவழவென்று பச்சையாக வடியும். வலையை இழுத்த கை மறுநாள் வரை நாறியது.

அப்புறம்தான் மீன் ஒதுங்க ஆரம்பித்தது. ஓடுகிற மீன் இல்லை, பார் என்று நாங்கள் சொல்லும் பாறைத் திட்டை விட்டு நகராத மீன். ஓரா, களவா, கிளிமீன். விலாங்கு இடுக்கில் இருந்து வெளியே வந்து மேலே நெளிந்துகொண்டு கிடந்ததை முதல் தடவையாகப் பார்த்தேன். விலாங்கு அப்படி வெளியே வராது. நண்டுகள் கரைக் கல்லில் ஏறி உட்கார்ந்திருந்தன, தண்ணீருக்குள் தள்ளிவிட்டால் மறுபடி ஏறின. என் சித்தப்பா பார்த்துவிட்டு, அடியில் மூச்சு இல்லடா என்றார். கருவி எதுவும் வைத்து அவர் சொல்லவில்லை.

முக்கியமாக ஒன்று. செத்த மீனை நாங்கள் பார்த்தது எல்லாம் விடியும்போதுதான். சாயங்காலம் சாதாரணமாக இருந்த இடத்தில் காலையில் வெள்ளை வெள்ளையாக மிதக்கும். நீங்கள் எழுதிய விடியற்காலை விஷயத்தைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.


#5 தினகரன்_தஞ்சை

கடல் அமிலமாகிவருகிறது என்று தொடர்ந்து படிக்கிறோமே, அதில் பவளம் கரைந்ததாகவும் இருக்கலாமே? கார்பன் டை ஆக்சைடு கூடக்கூடச் சுண்ணாம்பு கரையும் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்தது. ஆக்சிஜன் என்று போய் அந்தப் பெரிய விஷயத்தை மறைத்துவிட வேண்டாம்.


#6 வேதியியல்_வாத்தியார்

தம்பி தினகரன் கேட்டது நல்ல கேள்வி. கல்லூரியில் கடல்நீர் பகுப்பாய்வு சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தொழில்யுகத்துக்கு முன் கடலின் மேல்நீர் பிஎச் (இது இறங்கினால் அமிலத்தன்மை கூடுகிறது என்று பொருள்) சுமார் 8.2. இப்போது சுமார் 8.1. பிஎச் மடக்கை அளவு என்பதால் இந்தப் புள்ளி ஒன்று மாற்றத்துக்கே ஹைட்ரஜன் அயனி ஏறக்குறைய கால் பங்குக்கு மேல் கூடியிருக்கிறது என்று பொருள். நாம் புகைத்துவிடும் கார்பன் டை ஆக்சைடில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கைக் கடல் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அது தண்ணீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகி, ஹைட்ரஜன் அயனியை விடுகிறது. அந்த அயனி சும்மா இருக்காது, தண்ணீரில் இருக்கும் கார்பனேட்டைப் பிடித்து பைகார்பனேட்டாக்கிவிடும். பவளம் தன் எலும்பைக் கட்டுவதற்குக் கால்சியத்தோடு வேண்டியது இந்தக் கார்பனேட். கடலில் கால்சியத்துக்குப் பஞ்சமே இல்லை, கார்பனேட்டுக்குத்தான் பஞ்சம் வருகிறது.

இதை ஆய்வகத் தொட்டியில் மட்டுமல்ல, உண்மையான பாறையிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் பெரும் தடுப்புப் பவளத்திட்டில் ஒன் ட்ரீ தீவு என்று ஒரு இடம். ரெபெக்கா ஆல்பிரைட், கென் கால்டெய்ரா குழுவினர் அங்கே பாறை மேல் ஓடும் தண்ணீரில் சோடியம் ஹைட்ராக்சைடைக் கலந்து விட்டார்கள், எங்கே போகிறது என்று தெரிய ஒரு சாயத்தையும் சேர்த்து. பழைய காலத்து வேதியியலுக்குத் தண்ணீரைத் திருப்பினால் பவளம் எவ்வளவு சுண்ணாம்பு கட்டும் என்பதுதான் கேள்வி. ஏழு சதவீதம் போலக் கூடியது. 2016இல் நேச்சர் இதழில் வந்தது. பிறகு எதிர்த் திசையில், கார்பன் டை ஆக்சைடைக் கலந்து பார்த்தார்கள். 34 சதவீதம் குறைந்தது. அது 2018இல் வந்தது. அதாவது பாதிப்பு இனிமேல் வரப்போவது என்றில்லை, இப்போதே நடக்கிறது.

ஆனால் இந்தப் பாதிப்பு வருடக்கணக்கில் வளர்ச்சியைக் குறைப்பது. சில நாட்களில் ஒரு பாறையின் பெரும்பகுதி சாவதற்கு இது காரணமாக முடியாது. 2019 சம்பவத்தில் சுண்ணாம்பு எலும்பு அப்படியே நின்றது, மேல் இருந்த தசைதான் போனது. கரைந்திருந்தால் நேர்மாறாக அல்லவா இருக்கும்?

இரண்டுக்கும் தொடர்பு இல்லாமலும் இல்லை. இரவில் பாறையில் உள்ள எல்லா உயிரும் மூச்சு விடுகின்றன, ஒளிச்சேர்க்கை கிடையாது. ஆக்சிஜன் குறைய, கார்பன் டை ஆக்சைடு ஏற, பிஎச்சும் இறங்குகிறது. அதனால் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் அதே விடியற்காலையில்தான் பிஎச்சும் மிகக் குறைவு. ஆழமில்லாத, தண்ணீர் தேங்கும் இடங்களில் ஒரே நாளில் பிஎச் ஏறி இறங்கும் அளவு, நூற்றாண்டு மாற்றமான 0.1ஐ விட அதிகமாகவே இருக்கும். திரள் அழுகும்போது பவளத்துக்கு இரண்டு அடியும் ஒரே நேரத்தில் விழுகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 30 டிகிரி வெப்பமுள்ள கடல்நீர் முழுக்க நிறைந்தாலும் லிட்டருக்கு 6 மில்லிகிராம் சொச்சம் ஆக்சிஜன்தான் பிடிக்கும். குளிர்ந்த கடலில் இருப்பதைவிட இது மிகவும் குறைவு. வெப்பம் கூடினால் தண்ணீர் பிடிக்கும் ஆக்சிஜன் குறையும், உயிர்கள் மூச்சுக்குச் செலவழிப்பது கூடும். வெப்பமண்டலப் பவளம் எப்போதுமே குறைந்த கையிருப்பில்தான் பிழைப்பு நடத்துகிறது.


#7 கேள்விக்காரன்

நெய்தல்மகள், உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் 2008 அக்டோபரிலும் இதே மன்னார் வளைகுடாவில் நாக்டிலூகா பெருகி மீனும் பவளமும் பாதிக்கப்பட்டதாக மண்டபத்து விஞ்ஞானிகள் அப்போதே எழுதியிருக்கிறார்கள். பாம்பன் நண்பரும் வருசா வருசம் வரும் என்கிறார். காலங்காலமாக வந்துபோவதற்குப் புதிதாக ஏன் இவ்வளவு கவலை? எல்லாவற்றையும் பருவநிலை மாற்றத்தின் தலையில் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.


#8 நெய்தல்மகள்

காரணத்தை நானும் யார் தலையிலும் கட்டவில்லை. விஞ்ஞானிகளுக்குள்ளேயே இதில் சண்டை இருக்கிறது. அரபிக்கடலில் குளிர்காலத்தில் பச்சை நாக்டிலூகா பெருகியதைப் பற்றி ஜோக்கிம் கோயஸ், ஹெல்கா கோமஸ் குழுவினர் 2014இல் எழுதியபோது, ஆக்சிஜன் குறைந்த ஆழ்நீர் மேலே வருவதுதான் அதற்குச் சாதகமாகிறது என்றார்கள். 2018இல் ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், நாங்கள் பார்த்த திரள்களில் தண்ணீரில் ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தது என்று மறுத்தார்கள். இரண்டு பக்கமும் கப்பலில் போய் அளந்தவர்கள்.

நம் இடம் வேறு, காரணமும் வேறாக இருக்கலாம். தென்மேற்குப் பருவக்காற்றில் கீழிருந்து ஏறும் சத்து நிறைந்த தண்ணீர், கரையிலிருந்து இறங்கும் கழிவு, காற்று திடீரென ஓய்வது, எல்லாவற்றுக்கும் பங்கு இருக்கலாம். பங்கைப் பிரித்துச் சொல்ல நம்மிடம் தொடர்ச்சியான அளவீடு கிடையாது. என் வாதமே அதுதான்.

காலங்காலமாக வருவது உண்மையென்றே வைத்துக்கொள்வோம். அப்போது பவளம் வேறு நிலையில் இருந்தது. 2005 வரை சுண்ணாம்புக்காகப் பாறையை உடைத்து எடுத்தோம், தீவுகள் இருபத்தொன்றில் இரண்டு மூழ்கியே போயின. 2010, 2016 வெளிறல் வந்தது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே எழுந்து நிற்க நேரம் கிடைத்தால் பாறை மீளும். நேரம் குறுகிக்கொண்டே வருகிறது.

இதோடு ஒட்டி எனக்குக் கவலை தருவது மறுநடவு. இந்தக் கடலில் 2002 முதல் பவளத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டி வளர்க்கும் வேலை நடக்கிறது, நல்ல வேலை. ஆனால் உலகத்தில் எங்கே பார்த்தாலும் இப்படி நடுவதற்குத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் வேகமாக வளரும் கிளைப்பவளம். 2019இல் முதலில் விழுந்ததும் கிளைப்பவளம்தான். உருண்டைக் கல்லாக மெதுவாக வளரும் போரைட்டஸ் போன்றவை பெரும்பாலும் தாங்கின. எங்கே எதை நடுவது என்று முடிவெடுக்கும்போது அந்த இடத்தின் விடியற்கால ஆக்சிஜன் தெரிந்திருக்க வேண்டாமா?


#9 கேள்விக்காரன்

அளவீடு வேண்டும் என்பதில் எனக்கும் சம்மதம். மறுநடவு பற்றிச் சொன்னது யோசிக்க வேண்டியது. ஒரு சந்தேகம். பச்சை நாக்டிலூகா ஒளிச்சேர்க்கை செய்யும் என்றால் பகலில் அது ஆக்சிஜனைக் கூட்டத்தானே செய்யும்? பிறகு யார் தின்றது ஆக்சிஜனை?


#10 நுண்ணுயிர்_ப்ரியா

இது என் துறை, நான் சொல்கிறேன். தின்றது பெரும்பாலும் பாக்டீரியா.

சாதாரணக் கடல்நீர் ஒரு மில்லிலிட்டரில் ஏறக்குறைய பத்து லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கும், வைரஸ்கள் அதைப் போலப் பத்து மடங்கு. திரள் உயிரோடு இருக்கும்போது பகலில் ஆக்சிஜனைக் கூட்டும், இரவில் தானே மூச்சுவிட்டுக் குறைக்கும். வயதாகி வெடித்துச் சாகும்போதுதான் ஆபத்து. கரையும் சர்க்கரை, புரதம், கொழகொழப்பு எல்லாம் தண்ணீரில் கொட்டும். பாக்டீரியா சில மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடியது. அத்தனைக்கும் சேர்த்து மூச்சுக்கு ஆக்சிஜன் வேண்டும். காற்றில்லாத இரவு, மேலிருந்து ஆக்சிஜன் கலக்காது. அடியில் தேங்கிய தண்ணீர் காலியாகிவிடும்.

பவளம் ஏன் சீக்கிரம் மாட்டிக்கொள்கிறது என்பதற்கும் ஒரு விளக்கம் உண்டு. தலைமுடியை விட மெல்லிய மின்முனைகளைப் பவளத்தின் தோல் மேலேயே வைத்து அளந்திருக்கிறார்கள். நல்ல தண்ணீரிலேயே, பகலில் அந்த மேற்பரப்பில் ஆக்சிஜன் நிரம்பி வழிகிறது, விளக்கை அணைத்தால் சில நிமிடத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போகிறது. தோலில் உள்ள நுண்மயிர்களை அசைத்து அது தன்னைச் சுற்றிய தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இரவைக் கடத்துகிறது. சுற்றிலும் உள்ள தண்ணீரிலேயே இல்லையென்றால் எதைக் கலக்குவது?

திரளே வேண்டியதில்லை, மெதுவாகவும் இது நடக்கிறது. பசிபிக்கில் லைன் தீவுகள் என்று ஒரு வரிசை. ஃபாரஸ்ட் ரோவர் போன்றவர்கள் 2005இல் அங்கே போனார்கள். மனிதர் இல்லாத கிங்மன் பாறையில் இருந்ததைவிட ஆயிரக்கணக்கானோர் வாழும் கிரிடிமாட்டித் தீவின் பாறைத் தண்ணீரில் நுண்ணுயிர்கள் ஏறக்குறைய பத்து மடங்கு. மீன் பிடித்துப் பிடித்துப் பாசியை மேய ஆளில்லை, பாசி பெருகுகிறது, பாசி விடும் சர்க்கரையில் பாக்டீரியா கொழுக்கிறது, பவளம் நோயில் விழுகிறது என்பது அவர்கள் சொல்லும் சங்கிலி.

ஜெனிஃபர் ஸ்மித் குழுவினர் 2006இல் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு தொட்டியில் பவளத்தையும் பாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவே 0.02 மைக்ரோமீட்டர் வடிகட்டியை மாட்டினார்கள். பாக்டீரியா தாண்ட முடியாது, கரைந்த சத்து மட்டும் தாண்டும். பவளம் செத்தது. தண்ணீரில் ஆன்டிபயாடிக் சேர்த்தபோது சாகவில்லை. அதாவது பாசி நேரடியாகக் கொல்லவில்லை. அதன் சத்தைத் தின்று பவளத்தின் மேலேயே பெருகிய பாக்டீரியாவின் வேலை அது. பவளத்தை ஒட்டிய இடத்தில் ஆக்சிஜன் தீர்ந்துபோவதையும் அதே ஆய்வில் காட்டினார்கள்.

ஆகவே கேள்விக்காரன் சார், ஆக்சிஜன் அளக்கிற இடத்தில் ஒரு சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து பாக்டீரியா எண்ணிக்கையும் பார்த்தால் கதை முழுதாகும்.


#11 மன்னார்த்_தம்பி

வணக்கம், நான் இலங்கை மன்னாரில் இருந்து. கடல் ஒன்றுதானே, அதனால் எழுதுகிறேன். எங்கட பக்கம் கற்பிட்டிக்கு அருகே பார் ரீஃப் என்று பெரிய முருகைக்கல் (பவளப்பாறை) திட்டு இருக்கு. 1998 வெளிறலில் ஆழம் குறைந்த பகுதி கிட்டத்தட்ட முழுதாய் அழிந்தது. பிறகு மெல்ல மெல்ல நல்லாய் மீண்டு வந்தது, 2016இல் திரும்ப அடி விழுந்தது. வெப்பநிலைத் தரவு இருக்கு, ஒட்சிசன் தரவு எங்களிட்டையும் இல்லை. நீங்கள் ஏதும் தொடங்கினால் இந்தக் கரையிலும் அதே முறையில் அளந்தால் ஒப்பிடலாம். அக்கா, முறையை இங்கேயே விளக்கமாய் எழுதிவிடுங்கோ.


#12 நெய்தல்மகள்

கட்டாயம் எழுதுகிறேன் தம்பி. இரண்டு கரையிலும் ஒரே முறை என்பது பெரிய விஷயம்.

ப்ரியா அக்கா எழுதியதற்குத் துணையாக இரண்டு இடம் சொல்கிறேன், இது நம் ஊருக்கு மட்டும் வந்த கேடு இல்லை என்று தெரியட்டும். 1989இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் கோரல் பே விரிகுடாவில் பவளங்கள் விட்ட முட்டைத் திரளே காற்றில்லாமல் உள்ளே தேங்கி அழுகி, ஆக்சிஜன் தீர்ந்து மீனும் பவளமும் செத்தன. 2010இல் பனாமாவின் போகாஸ் டெல் டோரோவிலும் ஆக்சிஜன் குறைவால் பவளங்கள் கூட்டமாகச் செத்தன. அதை ஆராய்ந்த ஆண்ட்ரூ ஆல்டியெரி குழுவினர் 2017இல் எழுதியபோது, உலகப் பவளப்பாறைகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஆபத்தில் இருப்பதாகவும், வெப்பமண்டலத்தில் ஆக்சிஜனற்ற இடங்கள் கணக்கில் வராமலே போவதாகவும் சொன்னார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அளக்க ஆள் இருக்கிறது, அதனால் அவர்கள் வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகள் நிறைய. நம் பக்கம் வெறுமையாக இருப்பதைப் பார்த்து நம் கடல் நலமாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.


#13 கச்சான்காற்று

ஒன்று கேட்கிறேன். ஆய்வுப் படகு எட்டு மணிக்குத்தான் கிளம்பும் என்கிறீர்கள். நாங்கள் அந்த நேரத்தில் திரும்பிவந்து மீனைக் கொட்டிக்கொண்டிருப்போம். விடிவதற்கு முன் நாட்டுப்படகு கடலில்தான் நிற்கிறது, எந்த நாளும். ஒரு புட்டியைக் கொடுத்து, இந்த நேரத்தில் இந்த இடத்தில் தண்ணீர் எடு என்றால் எடுத்துத் தர மாட்டோமா? மரிக்கொழுந்துப் பாசி எடுக்கப் போகும் அம்மாக்களுக்குப் பாறை எங்கே எப்படி இருக்கிறது என்று எங்களை விட நன்றாகவே தெரியும். அவர்களையும் கேளுங்கள். தண்ணீர் பச்சை கட்ட ஆரம்பித்தால் முதலில் பார்ப்பது நாங்கள்தான், எங்களிடம் யாரும் கேட்டதில்லை.

தீவுகளைச் சுற்றியுள்ள கடல் தேசியப் பூங்காவுக்குள் போக எங்களுக்கு அனுமதி இல்லை, அதை மட்டும் நினைவில் வையுங்கள்.


#14 நெய்தல்மகள்

அண்ணா, இந்த இழையிலேயே சிறந்த யோசனை இதுதான். மனதார நன்றி. பூங்காவுக்குள் வைக்கும் கருவிக்கு வனத்துறை அனுமதி நாங்கள் வாங்க வேண்டும், அது எங்கள் வேலை. எல்லைக்கு வெளியே நீங்கள் நிற்கும் இடத்திலேயே எடுத்தால் போதும். அடுத்து என்ன ஆகும் என்று அந்த எண்ணே காட்டும்.

வாத்தியார் சார், படகில் தண்ணீர் எடுத்தால் கரை வருவதற்குள் ஆக்சிஜன் மாறிவிடாதா? மருந்து கலந்து ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறையைப் படகிலேயே செய்ய முடியுமா? கருவிக்குக் காசு சேரும் வரை அதில் ஓட்டலாம் என்று பார்க்கிறேன்.


#15 வேதியியல்_வாத்தியார்

பாதியைப் படகில் செய்தால் போதும் அம்மா. 1888இல் லாயோஷ் விங்க்ளர் கண்டுபிடித்த முறை, இன்றைக்கும் எந்த நவீனக் கருவியையும் சரிபார்க்க இதைத்தான் வைத்துக்கொள்கிறோம்.

மூடி உராய்ந்து பொருந்தும் கண்ணாடிப் புட்டி வேண்டும். சாதாரண வாளியில் மொண்டு ஊற்றினால் காற்று கலந்துவிடும், கணக்கே கெட்டது. தண்ணீர் எடுக்கும் குழாயிலிருந்து ரப்பர் குழாயைப் புட்டியின் அடிவரை விட்டு, மெதுவாக நிரப்பி, இரண்டு மூன்று புட்டி அளவு வழிந்தோட விட வேண்டும். குமிழி ஒன்றுகூடத் தங்கக் கூடாது. உடனே மாங்கனீசு சல்பேட் ஒரு மில்லி, காரம் கலந்த அயோடைடு ஒரு மில்லி, இரண்டையும் புட்டிக் கழுத்துக்குக் கீழே விட்டு மூடித் தலைகீழாகக் குலுக்க வேண்டும்.

அப்போது வரும் வீழ்படிவைப் பாருங்கள். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாக, மேகம் இறங்குவது போல இறங்கும். நிறைய இருந்தால் கரும்பழுப்பு, குறைய இருந்தால் வெளிர்ப்பழுப்பு. சுத்தமாக இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். அந்த வெள்ளையைப் பார்த்தவுடனே படகில் இருப்பவருக்கே சேதி தெரிந்துவிடும், ஆய்வகம் வரை போக வேண்டியதில்லை. ஆக்சிஜன் இந்தப் படிவில் பூட்டப்பட்டுவிட்டது. இனி இருட்டில் வைத்து அன்றைக்குள் கொண்டுவந்தால் போதும். கரையில் கந்தக அமிலம் விட்டால் படிவு கரைந்து அயோடின் மஞ்சளாக வரும். ஸ்டார்ச் சேர்த்து நீலமாக்கி, தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக அளந்து விட்டு நிறம் போகும் வரை டைட்ரேட் செய்ய வேண்டியதுதான்.

அந்தக் காரம் கையில் பட்டால் புண்ணாகும். கையுறை இல்லாமல் யாரும் தொடக் கூடாது, குழந்தைகள் இருக்கும் படகில் கொடுக்கவே கூடாது. கந்தக அமிலத்தைப் படகுக்கு அனுப்பவே வேண்டாம், அதைக் கரையில் நாம் பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு கருவி வாங்கும்போது ஒளியால் அளக்கும் ஆக்சிஜன் லாகர் வாங்குங்கள். மாதக்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதியும். நம் கடலில் பாசியும் சிப்பியும் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். அது ஒட்டினால் பகலில் அளவு கூடியும் இரவில் குறைந்தும் பொய் சொல்லும். செம்பு வலைக் காப்பு போட்டு, அடிக்கடி துடைத்து, ஒவ்வொரு முறையும் விங்க்ளரோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.


#16 நுண்ணுயிர்_ப்ரியா

பாக்டீரியா எண்ணுவதற்கு எனக்கு இரண்டு மில்லி தண்ணீர் போதும். சின்னக் குப்பியில் பதப்படுத்தும் மருந்து போட்டு நானே அனுப்புகிறேன். அது நச்சு மருந்து, குப்பியைத் திறந்து தண்ணீர் விட்டு மூட வேண்டியது மட்டும்தான், அதற்கும் கையுறை வேண்டும். பிறகு குளிரில் வைக்க வேண்டும். ஐஸ் பெட்டி படகில் எப்படியும் இருக்கும், ஆனால் மீனோடு சேர்த்து வைக்க வேண்டாம், தனியாக மூடிய டப்பா ஒன்றும் அனுப்புகிறேன்.


#17 கச்சான்காற்று

ஐஸ் பெட்டி இருக்கிறது. டப்பா அனுப்புங்கள். எங்கள் படகு, சித்தப்பா படகு, இன்னும் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டேன், சம்மதம். கச்சான் ஓயும் சமயம் பார்த்துத் தொடங்கினால் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு முன் ஒருநாள் வந்து கரையில் வைத்து செய்து காட்டிவிட்டுப் போங்கள் சார், பார்த்தால் பழகிக்கொள்வோம்.


#18 வேதியியல்_வாத்தியார்

வருகிறேன் தம்பி. புட்டி, மருந்து, கையுறை எல்லாம் எடுத்துவருகிறேன். கண்ணாடிப் புட்டி உடையாமல் இருக்க மரச்சட்டம் ஒன்று அடித்துக்கொள்வோம், உங்கள் ஊர்த் தச்சரிடம் சொல்லிவையுங்கள். புட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு கட்டி, நேரம், இடம், ஆழம், தண்ணீரின் நிறம், காற்று எந்தப் பக்கம் என்று பென்சிலால் எழுத வேண்டும். பேனா மை நனைந்தால் நிற்காது.